மிக்கேல் பாட்டா தேடிய கப்பல்

“அந்தப் பிள்ளை வாயத் தொறக்காது, ஆனா எதக் கேட்டாலும் தேடித் தந்துரும்.” ஜெராக்ஸ் எடுக்க நின்ற ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் என்னைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. குளச்சலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். ஆதார் போட்டோவில் தங்களை அழகாக்கித் தரச் சொல்பவர்களும், பரீட்சை முடிவை இன்னொரு தடவை பார்த்தால் மாறிவிடும் என்று நம்புகிறவர்களும் வருகிற இடம். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும்.

எனக்க அப்பன்

மிக்கேல் பாட்டா மழையோடு வந்தார். எண்பது தாண்டியவர், மீன் வியாபாரத்தை மகனிடம் விட்டவர். பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்தார். இரண்டு புகைபோக்கி வைத்த பயணிகள் கப்பல். பின்பக்கம் பென்சிலில் அதன் பெயர். அவருடைய அப்பா அதில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடப் போனவர். இரண்டாம் உலக யுத்தத்தில் கப்பலைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்பா திரும்பவில்லை. கப்பல் கடலில் முங்கிவிட்டது என்று சொல்லித்தான் அம்மா பிள்ளைகளை வளர்த்தார்.

பாட்டா அன்று கைக்குழந்தை. அப்பாவின் முகம் நினைவிருப்பது அவருடைய அக்கா பிலோமிக்கு மட்டும். அவர் இப்போது படுத்த படுக்கை. கல்லறை இல்லாத அப்பாவுக்கு எந்தத் திசை பார்த்து ஜெபம் சொல்வது, கண்மூடும் முன் அது தெரிய வேண்டும் என்கிறாராம்.

“கப்பலத் தேடுறியளா, அதுல போன கொமரிப் பிள்ளையளத் தேடுறியளா?” என்று எங்கள் முதலாளி ஜெயா அக்கா சீண்டினார்.

“போடி! எனக்க அப்பனத் தேடுகேன்.”

நடன மண்டபம்

கப்பலின் சரித்திரம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கிச் சொன்னேன். முதல் வகுப்புக்காரர்களுக்கு நடன மண்டபம், பியானோ, மெத்தை நாற்காலிகள். யுத்தத்தில் கப்பல் முழுக்கச் சாம்பல் நிறம் பூசி, மண்டபத்தில் சிப்பாய்களுக்கு மூன்றடுக்குப் படுக்கைகள் அடித்தார்கள். கேப்டன்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன.

பாட்டா கடைசிவரை கேட்டார். “நாக்காலிக்க கணக்கெல்லாம் எழுதியிருக்கான். கரி அள்ளினவனுக்க பேரு எங்க மக்களே?”

நெட் இல்லை

மூன்றாவது வாரம் முழு வரலாறும் கிடைத்தது. மூன்று தடவை வாசித்தேன். கப்பல் முங்கவே இல்லை. யுத்தம் முழுக்க ஒரு குண்டும் படவில்லை. பிறகு திரும்பவும் வெள்ளை அடித்து, பல வருஷம் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பயணிகளை ஏற்றி, வயதானபின் பழைய இரும்புக்கு உடைத்திருக்கிறார்கள்.

வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார் பாட்டா. “நெட் இல்ல பாட்டா” என்றேன். நான்கு நாள் அதையே சொன்னேன். ஐந்தாம் நாள், நான் இன்னொருவருக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுப்பதைப் பார்த்தபடி நின்றார்.

“நெட்டு இருக்கு. உனக்க மொகந்தான் சரியில்ல. வாசி மக்களே.”

அக்காவின் அறை

வாசித்தேன்.

“ஒரு தடவ கூட முங்கல்லியா?”

“இல்ல பாட்டா.”

திரையிலிருந்த வெள்ளைக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ அவரு எங்கேயோ எறங்கிப் போயிருக்காரு.” போட்டோவைக் கவருக்குள் வைத்துக்கொண்டே, “கடேசில எந்தப் பக்கமாக்கும் ஓடிச்சு?”

“மேக்க. ஆப்பிரிக்காவுக்கு.”

“நீயும் வா. படிச்ச பிள்ளை நின்னா அக்கா நம்புவா.”

இரண்டு தெரு தள்ளி வீடு. பிலோமி பாட்டி கிழக்குப் பார்த்துப் படுத்திருந்தார். யுத்தம் பர்மாவில் நடந்தது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அப்படித்தானாம்.

“அக்கா, தெரிஞ்சிட்டு. மேக்க முங்கியிருக்கு. பட்டாளத்துக்காரன்மார ஏத்திட்டுப் போவும்போ. இந்தப் பிள்ளையாக்கும் வாசிச்சுது.”

பாட்டி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“அடப்பாவி மக்கா, இத்தன வருசமும் அப்பனுக்கு முதுகக் காட்டியாக்கும் ஜெபிச்சிருக்கேன்!”

பாட்டா கட்டிலின் தலைப்பக்கத்தைப் பிடித்தார், நான் கால்பக்கத்தைப் பிடித்தேன். பாட்டியோடு சேர்த்து மெல்ல இழுத்து, மேற்குப் பார்த்துத் திருப்பிப் போட்டோம்.