முன்னால் போனவர் திரும்பி வரவேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கத் துணி தேடிய என் மனைவி, பரண்மேல் கிடந்த பையிலிருந்து ஒரு ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை உருவினாள். தொழிற்சாலைக்குள் போகும்போது சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்வோமே, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை வைத்தது, அதுதான். கிழிக்கட்டுமா என்று கேட்டாள். வாங்கி முகர்ந்து பார்த்தேன். இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற கூலன்ட் வாடை இன்னும் இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை அது. வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

"இதப் போட்டுக்கிட்டு எங்க போகப் போறீங்க?" என்றாள், என் தொப்பையைப் பார்த்தபடி. நியாயமான கேள்விதான்.

இந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நான் ஐம்பது கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன் என்றால் நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்குப் பழக்கம்தான். ஊரில் போலீஸ் தேர்வுக்குப் போய் ஓட்டத்தில் தோற்றவன் நான். மைதானத்தில் நாலைந்து சுற்று, அதைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. என் அப்பா திட்டவெல்லாம் இல்லை. "ஓட வராதுன்னா வராது, விடு" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த 'விடு' மட்டும் கோவில்பட்டியில் பஸ் ஏறி, கார் கம்பெனிகள் இருக்கும் ஒரகடம் வந்து இறங்கும்வரை கூடவே வந்தது.

பக்கத்தில் வடக்குப்பட்டு என்ற ஊரில் வாடகை அறை. ஒருவர் ஷிப்டுக்கு எழுந்து போனால்தான் இன்னொருவருக்குப் பாய் கிடைக்கும். அங்கே என் பக்கத்துப் பாய் அந்தோணி, தூத்துக்குடிக்காரன், என்னோடு அதே லைனில் டிரெய்னி. காற்று மாதிரி ஓடுவான். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் வரிசைக்கு அவன் ஓடுவதைப் பார்த்துத்தான் தேவகி அக்கா அவனைக் கண்டுபிடித்தது.

தேவகி அக்கா அந்த ஊர்க்காரர். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர், எங்கள் கம்பெனியிலேயே வயர் கட்டும் பிரிவில் வேலை. சர்க்கரை வரப்போகிறது, நடக்கணும் என்று டாக்டர் சொன்னாராம். இவர் நடப்பதற்குப் பதில் ஓடலாம் என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் தனியாக ஓட ஊர் விடாதே.

"தனியா ஓடினா, இவளுக்கு இன்னா ஆச்சின்னு கேப்பாங்க. கும்பலா ஓடினா, கம்பெனி டிரெயினிங்னு வுட்டுடுவாங்க" என்றார் அக்கா. அந்தோணியோடு என்னையும், இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டார். கம்பெனி டிரெயினிங் என்று தெரியத்தான் எல்லோரும் இந்த ஜாக்கெட்டோடு ஓடினோம். ஊர் உண்மையிலேயே நம்பியது. ஓடத் திணறுகிற என்னையும் டிரெயினிங்கில் வைத்திருக்கிறார்களே என்று ஊரில் யாரோ ஒருவர் பரிதாபப்பட்டுக்கூடப் பேசியிருக்கிறார்.

இரவு ஷிப்டு முடித்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்படியே ஓடுவோம். சர்வீஸ் ரோட்டில் கார் ஏற்றும் பெரிய டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். வடநாட்டு டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்து ரொட்டி சுடுவார்கள். டீசல் வாடையும் ரொட்டி வாடையும் கலந்து வரும்போது வயிற்றுக்குள் ஒரு கூப்பாடு கிளம்பும். அந்த இடத்தைத் தாண்டுவதுதான் எனக்கு இருந்ததிலேயே கடினமான பயிற்சி. பிறகு ஏரிக்கரை, அது முடிகிற இடத்தில் ஒரு கார் யார்டின் வேலி. "எங்க மல்லாட்டக் கொல்லி இங்கதான் இருந்துச்சு" என்று, தங்கள் வீட்டு நிலக்கடலை நிலத்தைப் பற்றி அக்கா ஒருநாள் சும்மா சொன்னார். அன்றிலிருந்து அந்த வேலிக்குப் பெயர் மல்லாட்டை. அதைத் தொட்டுவிட்டுத் திரும்பவேண்டும்.

முதல் வாரமே நான் பின்தங்கிவிட்டேன். டிரெய்லர்களுக்கு நடுவிலிருந்து கிளம்பிய நாய்கள் என்னைத் துரத்த, அன்றைக்குத்தான் நான் வேகமாக ஓடினேன். மறுநாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன். அக்கா அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"அவன் வராததுக்கு நீதான் காரணம்" என்று அந்தோணியைப் பிடித்தார். "முன்னாடி போறவன் திரும்பி வரணும். கடைசி ஆளாண்ட வந்து, அவன்கூட சேந்து ஓடணும். இல்லாங்காட்டி இன்னிக்கு இவன், நாளைக்கு நானு, அப்பால யாரும் வரமாட்டோம்."

அதுவே எங்கள் சட்டமாயிற்று. அந்தோணி மல்லாட்டையைத் தொட்டதும் திரும்பி என்னிடம் வருவான், என்னோடு மறுபடி மல்லாட்டைக்குப் போவான். எங்களில் வேகமானவனுக்குத்தான் ஓட்டமும் அதிகம். எனக்கோ, ஏரிக்கரையில் கால் கெஞ்சத் தொடங்கும்போது எதிரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி தெரியும். அது அந்தோணி என்று தெரிந்ததும் ஏனோ மூச்சு சீராகிவிடும். ஒரு வருஷத்தில் முப்பது கிலோமீட்டர் ஓடுகிறவனாக ஆகிவிட்டேன் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. தனியாக இருந்திருந்தால் மூன்றாம் நாளே விட்டிருப்பேன்.

அந்தோணிக்கு டிரெய்னி காலம் முடியப்போகிற மாதத்தில், செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஐம்பது கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தோம். ஒரே சாலை, பாதித் தூரம் போய் அதே வழியில் திரும்பவேண்டும். நேரத்துக்குள் வராதவர்களுக்குப் பதக்கம் கிடையாது. அந்தோணி பரிசு வாங்குவான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பரிசெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு தடவை, சொன்ன நேரத்துக்குள் ஒரு கோட்டைத் தாண்டவேண்டும். அந்த 'விடு'வை எங்காவது இறக்கிவைக்கவேண்டும். அவ்வளவுதான்.

வெயில் ஏறியது. திருப்பத்துக்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே என் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அதில் ஏறிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

எதிரே அந்தோணி வந்தான். அப்போது அவன் மூன்றாவது இடத்தில் இருந்தான். நேரே கோட்டைப் பார்த்துப் போகவேண்டியவன், என் பக்கம் வந்ததும் சட்டென்று திரும்பினான். "எந்திரில, என்ன உக்காந்துட்ட" என்று கையைப் பிடித்துத் தூக்கி, என்னோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிட்டான். மல்லாட்டை வழக்கம். நூறடி போயிருப்போம். திடீரென்று நின்றான்.

"ஏலே, நான் எங்கல போயிட்டிருக்கேன்?"

எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. அவனுக்குப் பின்னால் வந்தவர் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார். "ஓடுல, பிடிச்சிரலாம்" என்றேன். அவன் போகிறவரைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான், வருகிற வேனையும் பார்த்தான்.

"வந்தாச்சுல்லா. வா" என்றான்.

மீதித் தூரம் முழுக்க அவன் என் பக்கத்திலேயே ஓடினான். நான் நடந்தபோது நடந்தான். எங்கள் ஊர்க் கடலைமிட்டாயை உடைத்து என் வாயில் போட்டான். முடிவுக்கோடு கண்ணில் பட்டபோது, அங்கிருந்த வளைவைக் கழற்றத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். முன்பே ஓடி முடித்துவிட்ட அக்கா, வளைவைக் கட்டியிருந்த கயிற்றின் மேல் காலை வைத்து நின்றிருந்தார்.

"எங்க ஆளு வந்துகினு கீறான். டயம் இருக்குதில்ல? நில்லுப்பா."

தாண்டிவிட்டேன். நேரத்துக்குள்தான். பதக்கத்தைக் கழுத்தில் போட்டபோது அழுதுவிட்டேன், அதை மறைக்கவில்லை. பந்தயம் முடிந்து ஊர் திரும்பும் வேனில் அந்தோணியிடம், "மூணாவதா வந்திருப்பியேல" என்றேன்.

"மூணாவதா வந்துட்டு, மறுபடி உன்னக் கூட்டிட்டுப் போக அவ்வளவு தூரம் வரணும்லா. ஒரு நடை மிச்சம்" என்று சொல்லிவிட்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனான்.

அடுத்த மாதம் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினான். குஜராத்தில் ஒரு தொழிற்சாலை, பிறகு மஸ்கட் என்று கேள்வி. அக்காவுக்கு முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. ஓடக்கூடாதாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இப்போது யாராவது பூப்படத்தோடு காலை வணக்கம் வைத்தால் உண்டு. ஏரிக்கரைப் பாதையை மறித்துச் சுவர் வந்துவிட்டது. மல்லாட்டை வேலி அந்தப் பக்கம் எங்கோ இருக்கிறது.

இன்று காலை அந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படப்பையில் எங்கள் மனைப்பிரிவுச் சாலையில் ஓடிப் பார்த்தேன். பொத்தான் போட வரவில்லை. மூன்றாவது தெருவிலேயே மூச்சு வாங்கிற்று. நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சாலையின் அந்தக் கோடியைப் பார்த்தேன். பால்காரர் ஒருவர் வந்தார், பிறகு ஒரு பள்ளிக்கூட வேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நானே திரும்பி வீட்டுக்கு வந்தேன்.