நாலெழுத்துத் தழும்பு

ரெசிஸ்ட் என்ற சொல்லை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் அம்மை குத்தும் ஐயா. யுத்தம் தொடங்கிய வருஷம், நான் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்த மறுநாள். ஊசியைப் பிடிப்பது அவர் வேலை, ஓடுகிறவர்களைப் பிடிப்பது என் வேலை. குத்திக்கொண்ட உங்களுக்கு வலி ஒரு நாள்தான். எனக்கு ஊருக்கு ஊர். மறுத்தவர் பேருக்கு நேரே ஐயா ரிஜிஸ்டரில் இங்கிலீஷில் ஏதோ எழுதினார். என்னவென்று கேட்டேன். "ரெசிஸ்ட். எதுத்து நிக்கறதுன்னு அர்த்தம், ஆயாம்மா. எனக்கு இதை எழுதி எழுதியே கை வலிக்குது!"

குதிருக்குள் குடியானவர்

இண்டூரில் மீசை வைத்த பெரிய குடியானவர் ஒருவர் எங்களைக் கண்டதும் கேழ்வரகுக் குதிருக்குள் இறங்கிவிட்டார். ஐயா குதிரின் சுவரைத் தட்டி, "ரெசிஸ்ட் பண்ணாதீங்க, வெளியே வாங்க" என்றார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "நான் ஒண்ணும் பண்ணலீங்க, சும்மாதான் உக்காந்திருக்கறேன்!"

கொட்டைக் குழம்பு

அவரை வெளியே இழுத்துக் குத்தியதில் அவர் மனைவிக்குத்தான் சந்தோஷம். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். போகிற ஊரில் கை நனைப்பதில்லை என்பது ஐயாவின் வைராக்கியம். குழம்பு வாசனை வந்ததும், இனி எதிர்த்து நிற்க முடியாது என்பதை இங்கிலீஷில் "ஐ காண்ட் ரெசிஸ்ட்" என்று முனகிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அம்மாளின் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "வாயில வெக்கறதுக்கு முன்னாடியே எங்க குழம்பையும் அந்தப் புஸ்தகத்துல ஏத்திட்டீங்களா?"

பூசாரியின் கை

வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள் நான். அம்மைக்கு எதிராகக் குத்துவது ஆத்தாளையே எதிர்ப்பதாகுமோ என்று உள்ளுக்குள் பயம். ஏரியூரில் கோயில் பூசாரியிடமே கேட்டுவிட்டேன். அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். உங்க ஐயாவை மெதுவாக் குத்தச் சொல்லும்மா."

மழையில் அழியாமல்

வத்தல்மலை அடிவாரத்தில் அம்மை கண்டிருந்தது. மேலே ஏறினோம். வெள்ளச்சி என்பவள் கைக்குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு நின்றாள். குத்திக்கொண்டால் உடம்பு அம்மையை ரெசிஸ்ட் பண்ணும் என்று ஐயா சந்தையில் சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள். குத்திக்கொள்ளாதவர் பேருக்கு நேரேயும் அதே ரெசிஸ்ட்டை எழுதுகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எம் புள்ளைக்கு ஊசி வேணாங்க. பேருக்கு நேரா ரெசிஸ்ட்டுனு மட்டும் எழுதிட்டுப் போங்க, அம்மை அண்டாது" என்றாள்.

ஐயா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் அடிவாரத்தில் ஒரு குழந்தையைப் புதைத்திருந்தார்கள். ஆத்தாளே, ஒரு வார்த்தை கொடு என்று வேண்டிக்கொண்டேன். "புஸ்தகத்துல எழுதுனா புஸ்தகத்துக்குத்தான் அம்மை வராது, தாயி. புள்ள கையிலல்லவா எழுதோணும்!" என்றேன்.

வெள்ளச்சி முந்தானையை விலக்கிக் குழந்தையின் கையை நீட்டினாள். "அப்ப மழையில அழியாத மாதிரி எழுதச் சொல்லுங்க."

ஐயா நாலு இடத்தில் குத்தினார். ரெ, சி, ஸ், ட். எழுத்துக் கணக்கும் சரியாகிவிட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது தாயோடு சந்தைக்குத் தேன் கொண்டுவருகிறாள், கையில் நாலு தழும்பும் அழியவில்லை.

ஊசியை எதிர்ப்பதற்கும் நோயை எதிர்ப்பதற்கும் ஒரே சொல்லை வைத்த வெள்ளைக்காரன் ஒரு நாளாவது என்னோடு மலையேறியிருந்தால் இன்னொரு சொல்லும் செய்திருப்பான். இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.