ஒன்பதாம் நாள் வரச் சொன்னார்கள்

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் காலை மாலை இரண்டு வேளையும் பாலைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சாம்பிள் எடுத்து மெஷினில் வைத்தால் ஒரு நிமிஷத்துக்குள் கொழுப்பு எவ்வளவு என்று காட்டிவிடும். தண்ணீர் கலந்திருந்தால் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அதனால் ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். அப்படிப்பட்ட என்னிடம் ஆஸ்பத்திரியில், இடது மார்பில் ஒரு நிழல் இருக்கிறது, அது என்னவென்று இப்போது சொல்ல முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அது கையால் தடவினால் அகப்படாது. மேமோகிராமிலும் அகப்படவில்லை, ஸ்கேனிலும் இல்லை. என் அம்மா மார்பில் புற்று வந்து இறந்துபோனவள் என்று நான் சொன்னதால் எம்ஆர்ஐயும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். அதில்தான் தெரிந்தது. மற்ற எதிலும் தெரியாததால் எம்ஆர்ஐ மெஷினிலேயே படுக்கவைத்து, படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி, சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். பாண்டியில் நாங்கள் விசாரித்த இடங்களில் அந்த வசதி இல்லை. சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

சென்னையில் ஒரு கணக்குச் சொன்னார்கள். மாதவிலக்கு வந்த ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் எடுத்தால்தான் படம் தெளிவாக இருக்கும். எனக்கு எப்போதும் நாள் தவறியதில்லை. அதனால் அடுத்து வரவேண்டிய தேதியைக் கேட்டு, அதிலிருந்து ஒன்பதாம் நாளைக் குறித்துக் கொடுத்தார்கள். நடுவில் மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரத்தை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. அம்மாவுக்குப் புண் உடைந்தபோது துணி மாற்றிவிட்டவள் நான். அந்த வாடை எனக்குத் தெரியும். குளிக்கும்போது இடது பக்கம் சோப்புப் போடக் கை போகாது. சொசைட்டியில் ஒருவர் பாலுக்கு வந்த அளவை இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டு, கேட்டவரிடம் சண்டைக்கும் போனேன். "நல்லதே நினை" என்று எல்லோரும் சொன்னார்கள். நினைப்பு என்ன நான் கட்டிப்போட்ட மாடா, அவிழ்த்துவிட்ட இடத்தில் மேய? எனக்குப் பயமாக இருந்தது. சோறு இறங்காத அளவுக்குப் பயம்.

என் வீட்டுக்காரருக்குப் பேச வராது. கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவிலேயே இருந்து பழகியவர். நான் பயமாக இருக்கிறது என்று சொன்னால் எழுந்துபோய் மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவருக்கும் பயம்தான், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் வந்து, இந்த வருஷம் திரௌபதி அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டேன் என்றார். அதுவரை அவர் தீமிதிக் கூட்டத்தில் தூரமாக நின்று பார்த்துவிட்டு வருகிற ஆள். எனக்காகத்தான் என்பது சொல்லாமலே புரிந்தது. அன்றைக்கு அவர்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது.

காப்புக் கட்டினால் பத்து நாள் விரதம். வீட்டில் தீட்டு ஆகக்கூடாது. என் தேதி அந்த விரதத்தின் நான்காம் நாளில் வந்து நின்றது. அதை முதலில் கணக்குப் பார்த்தவள் என் நாத்தனார், அவருக்கு மூத்தவள். அடுத்த தெருவில் இருக்கிறாள். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் வழி உண்டு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவானாலும் மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொன்னால் நாள் தள்ளிப் போகும் மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் சீட்டெல்லாம் கேட்பதில்லை. நானே இரண்டு மூன்று விசேஷங்களுக்குச் சாப்பிட்டிருக்கிறேன். நாத்தனார் அதை வாங்கிக்கொண்டு வந்து சாமி மாடத்தில் குங்குமத்தோடு வைத்தாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. ஆஸ்பத்திரியில் நாள் கணக்குச் சொல்லியிருக்கிறார்களே என்று இழுத்தேன். வேண்டுமானால் அந்த நாலு நாள் என் அண்ணன் வீட்டில் போய் இருந்துகொள்கிறேன் என்றும் சொன்னேன்.

"கட்டுனவ பால்கொடம் எடுக்காம அவன் மட்டும் எறங்குவானா? இன்னாமா யோசிக்கிற, ஒனக்காகத்தான நெருப்புல எறங்குறான்" என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. எனக்கு நிழல் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு மாடுகளுக்குச் சாணி அள்ளியவள் அவள்தான். அவள் அப்படிக் கேட்டபிறகு என்னால் என்ன சொல்ல முடியும்? ஊருக்கெல்லாம் வாய் பேசுகிற நான் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். மார்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் இருந்துவிடப் போகிறது, அவர்கள் சும்மா ஒரு கணக்குக்குச் சொல்லியிருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நான்காம் நாள் வந்தது, போனது. மறுநாள் சென்னையிலிருந்து போன் செய்து, மாதவிலக்கு வந்துவிட்டதா, தேதியில் மாற்றம் இல்லையே என்று ஒரு பெண் கேட்டாள். மாற்றம் என்றால் கிடைத்த நாள் போய்விடும். நேற்றே வந்துவிட்டது என்றேன். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு, சுகரும் இல்லை பிரஷரும் இல்லை என்று சொன்னேன். பொய் ஒன்று, அரைப்பொய் ஒன்று.

பத்தாம் நாள் சாயங்காலம் தீமிதி. மஞ்சள் வேட்டியில், மாலையோடு, வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் இறங்கியபோது நான் பால்குடத்தோடு ஓரத்தில் நின்றிருந்தேன். பழகினவர்கள் விறுவிறுவென்று ஓடிவிடுவார்கள். இவர் வயல் வரப்பில் நடப்பது மாதிரி நிதானமாக நடந்தார். எனக்காக நடப்பதால் அவசரப்படக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. நெருப்பைத் தாண்டி, கால் குளிரப் பால் ஊற்றி வைத்திருக்கும் குழியில் கால் வைத்தபோதே முகம் கோணிப் போயிற்று. இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துவிட்டது.

பக்தி சுத்தமாக இருந்தால் கால் சுடாது என்பது ஊர் வழக்கு. சுட்டுவிட்டால் வீட்டில் ஏதோ தீட்டு என்பார்கள். என் காதுபடவே இரண்டு பேர் பேசினார்கள். தீட்டு வராமலிருக்க மாத்திரை தின்றவள் நான். சண்டை போட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

மாத்திரையை அன்றோடு நிறுத்தினேன். ஒருநாள் விட்டு மறுநாள் விடிய பஸ் ஏறிச் சென்னைக்குப் போனோம். அவரை வரவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. காலில் மருந்து தடவி, துணி சுற்றி, பெரிய செருப்பாக ஒன்றை மாட்டிக்கொண்டு குதிகாலால் நடந்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி அவரைப் பார்த்ததும் ஓடிப்போய் வீல்சேர் கொண்டுவந்தார். பேஷண்ட் நான் என்றேன். செக்யூரிட்டி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

உள்ளே கூப்பிட்டு, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். தாலிச் சரடைக் கழற்றிக் கொடுத்தபோது அதில் நாலு ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒவ்வொன்றாக எண்ணிக் கவரில் போட்டாள். கையில் ஊசி குத்தி டியூப் மாட்டினார்கள். குப்புறப் படுக்க வேண்டும். மார்பு தொங்குவதற்கு மேடையில் இரண்டு பள்ளம். இடது பக்கத்தைப் பலகை வைத்து நெருக்கி, ஆடாமல் பிடித்தார்கள். வலி பெரிதாக இல்லை. ஆனால் அப்படி ஒரு நிலையில் என்னை யாரும் வைத்ததில்லை. கறவைக்கு நிறுத்திய மாடுதான் என்று நினைத்துக்கொண்டேன். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, முடியாவிட்டால் அழுத்துங்கள், ஆனால் அழுத்தினால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். அப்படிச் சொன்னபிறகு யார் அழுத்துவார்கள்?

மெஷின் இடிக்க ஆரம்பித்தது. மூச்சை எண்ணுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். எண்ண எண்ண மூச்சு முட்டியது. சாமி பெயர் சொன்னேன், நடுவில் அம்மாவின் துணி ஞாபகம் வந்துவிட்டது. கடைசியில் சொசைட்டி மெம்பர்களை ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். யார், எந்தத் தெரு, எத்தனை மாடு, யார் தண்ணீர் கலப்பவர். அதில் கொஞ்சம் நின்றேன். நாற்பத்தொன்றாம் நம்பர் வந்தபோது கையிலிருந்த டியூப் வழியாகக் குளிர்ச்சியாக மருந்து ஏறியது. இனி ஊசி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஊசி வரவில்லை. மேடை வெளியே வந்தது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நான் குப்புறக் கிடந்ததால் பச்சை நிறச் செருப்பு மட்டும் தெரிந்தது. டாக்டரம்மா.

"அம்மா, நாள் தள்ளிப் போக மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?"

தரையைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மாத்திரையால் இரண்டு பக்கமும் மொத்தமாக வெளிச்சமாகத் தெரிகிறது, எது அந்த நிழல் என்று பிரிக்க முடியவில்லை, குத்துமதிப்பாக ஊசி விடுவது தவறு என்று பொறுமையாகச் சொன்னார். மாத்திரையை நிறுத்தியதால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், வந்த அன்றைக்கே போன் செய்யுங்கள், புதுத் தேதி பார்க்கலாம் என்றார். மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். இத்தனை நாள் ஊசிக்குப் பயந்தேன். இப்போது ஊசி போடவில்லையே என்று அழுதேன்.

வெளியே அவர் காலைப் பெஞ்சின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இன்னா சொன்னாங்க?"

அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு மாத்திரையைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊசி போடலைங்க, அந்த நிழல் இன்னிக்கு அவங்களுக்குத் தெரியலையாம் என்றேன். மீதியைப் பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வார்த்தைதான் குறைத்துச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் அப்படியில்லை என்று ஆரம்பிப்பதற்குள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்.

"அக்கா, போயிடுச்சிக்கா. மெசின்லயே தெரியலயாம். ஆத்தா எடுத்துட்டா."

பேச வராத மனிதர். பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். வரப்போகிற பட்டத்துக்கு என்ன நெல், மேற்குப் பக்கம் வீட்டுக்கு ஒரு ரூம், எனக்கு ஒரு சேலை. கால் எரிச்சல்கூடத் தெரியவில்லை என்றார். நான் எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோது நாத்தனார் தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஆரத்தி எடுத்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்தார்கள். கால் சுட்டதற்குத் தீட்டு என்று பேசிய இரண்டு பேரும் வந்தார்கள். நோயை அவன் காலில் வாங்கிக்கொண்டான், அதனால்தான் சுட்டது என்று இப்போது சொன்னார்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல் வைப்பது என்று முடிவாயிற்று. நான் கூடத்தில் எல்லோருக்கும் டீ கொடுத்தேன்.

டாக்டரம்மா சொன்னபடி, ஊர் திரும்பியதற்கு அடுத்த நாள் எனக்கு வந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன். வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்கள். இன்று முதல் நாள் என்றேன். ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் எந்த நாளும் காலி இல்லை, யாராவது வரவில்லை என்றால் கூப்பிடுகிறோம், இல்லாவிட்டால் அடுத்த மாதம் முதல் நாள் கூப்பிடுங்கள் என்றார்கள். சரி என்று வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் எதையும் மறைக்கவில்லை. மாத்திரை, போனில் சொன்ன பொய், படத்தில் மொத்தமும் வெளிச்சமாகத் தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நிழல் போகவும் இல்லை, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, பார்க்கவே முடியவில்லை என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. குதிகாலால் நடந்து வந்து படியில் உட்கார்ந்தார்.

"நா எறங்காம இருந்திருந்தா, இந்நேரம் இன்னான்னு தெரிஞ்சிருக்குமா?"

பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் நான் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். வேறு எதுவும் எனக்கு வரவில்லை.

"தெரிஞ்சிருக்குங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வாசல் பக்கமிருந்து நாத்தனார், பொங்கலுக்கு எத்தனை படி அரிசி போடட்டும் என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாலு படி போடு என்று அவர் அக்காவிடம் சொன்னார்.