ஒரு சாண் கேபிள்

மாத்திரை இடது உள்ளங்கையில் இருக்கிறது. வலது கையில் பூதக்கண்ணாடி. காதில் சிவப்புப் பென்சில். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை மேசைமேல் விரித்துப் போட்டு, பொடி எழுத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். தலைவலி அதுபாட்டுக்கு மண்டையைப் பிளந்துகொண்டிருக்கிறது.

"வெந்நீர் ஆறிப் போகுது. முழுங்கித் தொலைங்களேன்" என்கிறார் மனைவி.

"வரி முடியட்டும்."

பதினேழாவது வரியில் ஒரே சொல் இரண்டு முறை விழுந்திருக்கிறது. ஒன்றை அடித்துச் சுழித்துவிட்டு நிம்மதியாக மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். பாதித் தலைவலி அந்தச் சுழிப்பிலேயே போயிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

இவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். நான் எழுதும் பத்திரிகை அந்த அச்சகத்தில்தான் அச்சாகிறது. நான் குடியிருப்பது இவர் வீட்டுக்கு நேர் மேல் மாடியில். ஆகவே வீட்டில் இவர் தலைமேல் நான் நடக்கிறேன், வேலையில் என் தலைமேல் இவர் நடக்கிறார். கணக்கு நேர்.

எங்கள் கட்டடத்தில் இவருக்குச் 'சிவப்புப் பென்சில்' என்று பெயர். லிஃப்ட் கெட்டுப்போன அன்று வாட்ச்மேன் ஒட்டிய அறிவிப்பில் ஐந்து திருத்தம் செய்தார். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை, ஆனால் அறிவிப்பில் இப்போது குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது மாடிக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை கொடுக்க வந்தார். இவர் வாங்கி, நின்றபடியே படித்து, நான்கு இடத்தில் திருத்தி, "அடுத்த தடவை அடிக்கும்போது இதைக் கவனிங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த தடவையா என்று அந்த மனிதர் முகம் போன போக்கை நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன்.

மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கென்று சில குறிகள் உண்டு. வரியின்மேல் கோடு இழுத்து வாலைச் சுழித்தால் 'நீக்கு' என்று பொருள். நீக்கியது தவறு, அப்படியே இருக்கட்டும் என்றால் அந்த வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைக்க வேண்டும். இவருடைய சுழிப்பை அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். புள்ளியை யாரும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடம். கேட்டால், "யோசிச்சிட்டுத்தான் அடிக்கிறேன். அடிச்சா அடிச்சதுதான்" என்பார்.

இவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே எந்த வார்டு, எந்த டாக்டர், மூக்கடைப்பா இல்லையா என்பது வரை சொல்லிவிடுவார். ஒரே மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். முதலில் கடிதம்தான் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிய கடிதமெல்லாம் சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வரவே, இப்போது போனோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த மகளின் கல்யாணம் போன வருடம் அங்கே ஒரு பதிவு அலுவலகத்தில் நடந்தது. இருவருக்கும் டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது இவருக்குச் சின்னம்மை போட்டுவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில். விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடக்கும் மனிதரைத் தனியே விட்டுப் போக மனம் வராமல் மனைவியும் நின்றுவிட்டார்.

"ஆறு வயசுல வர வேண்டியது உங்களுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சு வரணுமா?" என்று அன்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இவருக்குக் கொஞ்சம் சுமை குறைந்திருக்கும். பெற்ற மகள் கல்யாணத்தை மனைவி பார்க்க முடியாமல் போனது தன்னால்தான் என்பது இவருக்குள் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அது எனக்கும் தெரியும். அச்சகத்தில் அந்த மாதம் முழுவதும் இவர் யாரையும் திட்டவில்லை.

இந்த நிலையில்தான் மகளிடமிருந்து பார்சல் வந்தது. உள்ளே கல்யாணத்தைப் படம் பிடித்த டிவிடி ஒன்று. அதைப் போட்டுப் பார்க்க ஒரு டிரைவ். கூடவே பச்சை நிறத்தில் உள்ளங்கை அகல அட்டை ஒன்று. வீட்டிலிருப்பது மகள் காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர். டிவிடியில் சுருட்டி வைத்திருக்கும் படத்தைப் பிரித்துக் காட்ட அதற்குத் தெம்பு போதாது. அந்த வேலையை இந்த அட்டை செய்யும். கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே பொருத்த வேண்டும், அவ்வளவுதான்.

மனைவியின் தம்பி பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்து அன்றே போன் செய்தார்.

"மாமா, பத்து நிமிஷ வேலை. ஞாயித்துக்கிழமை வந்து போட்டுக் கொடுத்துட்டுப் போறேன்."

"கையேட்டப் படிப்பியா?"

"அதையெல்லாம் யாரு மாமா படிப்பாங்க?"

"அப்ப நீ வர வேண்டாம்" என்று வைத்துவிட்டார்.

இவர் படித்தார். திங்கள் முதல் வியாழன் வரை, நான்கு மாலை. முப்பத்திரண்டு பக்கக் கையேடு. ஆங்கிலத்தைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்திருந்த யாரோ எழுதியது. இவர் அடிஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். நான் போனபோது முகத்தில் அப்படி ஒரு களை. "நாப்பத்தி மூணு பிழை! இந்தக் கம்பெனிக்கு ஆளே இல்லையா?" என்றார். திட்டுகிற மாதிரி இருந்தாலும், விருந்து சாப்பிட்டவர் குரல்தான் அது.

அந்த நாற்பத்து மூன்றில் ஒன்று பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. 'இப்போது கேபிளை அட்டையில் செருகவும்' என்ற பொருளில் ஒரு வரி. அதற்குக் கீழேயே, எழுத்து மாறாமல் அதே வரி மறுபடியும். இரண்டாவதை அடித்து, வாலை அழகாகச் சுழித்திருந்தார். எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனிக்கே தபாலிலும் அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் வேலை ஆரம்பித்தது. நாலு மணிக்குப் படம் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். நான் இரண்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். இதை விட்டால் வேறு வேடிக்கை ஏது?

உடம்பில் நகை இருக்கக்கூடாது என்று கையேடு சொன்னது. இவர் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றினார். அடுப்படி வாசலில் நின்றிருந்த மனைவியையும் வளையலைக் கழற்றச் சொன்னார். "நான் எதையும் தொடவே இல்லையே" என்று அவர் சொன்னதற்கு, "யாருன்னு அதுல போடல" என்று பதில். விரிப்பு கூடாது என்றது. விரிப்பைச் சுருட்டி பால்கனியில் போட்டார். உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்கு என்றது. இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

பெட்டியின் மூடியைக் கழற்றினார். ஒவ்வொரு திருகாணியையும் ஒரு தாளில் வைத்து எண் போட்டார். பின்பக்கத்துத் தகடு ஒன்றை எடுத்துவிட்டு, அட்டையை அதற்குரிய வெள்ளைப் பள்ளத்தில் நிறுத்தினார். அங்கே வந்து வண்டி நின்றுவிட்டது. 'நன்றாக அழுத்தவும், அழுத்த வேண்டாம்' என்று கையேட்டில் இருந்தது. இருபத்தொன்பதாவது பிழை. ஐந்து நிமிடம் அட்டையின்மேல் விரலை வைத்தபடியே யோசித்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது.

டிரைவையும் பொருத்தினார். பதினொன்றாம் பக்கம் வந்தது. கேபிளை அட்டையில் செருக வேண்டும். பின்னால் போய்ப் பார்த்தார். மானிட்டரிலிருந்து வரும் கேபிள் ஏற்கெனவே ஓர் அட்டையில் செருகித்தான் இருந்தது. "ஆச்சு" என்று டிக் போட்டார்.

பெட்டியில் இன்னொரு கேபிள் மிச்சம் இருந்தது. ஒரு சாண் நீளம், இரண்டு முனையிலும் தடித்த செருகி. இதை வைத்துக்கொண்டு எந்த ஊர் போய்ச் சேருவது என்கிற மாதிரிதான் இருந்தது, எனக்கும்.

"இது என்ன?" என்று கேட்டார் மனைவி.

"உபரி. சட்டையோட பட்டன் கொடுக்கிறதில்லையா, அது மாதிரி."

மானிட்டரில் வெயில் அடித்ததால் மனைவி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். இன்னொரு பக்கத் திரை காற்றில் பறந்தது. அதைச் சேர்த்துப் பிடித்து அந்த ஒரு சாண் கேபிளால் ஜன்னல் கம்பியோடு கட்டினார்.

சரியாக நாலு மணி. மனைவி, கல்யாணத்துக்கென்று வாங்கி ஒரு வருடமாக மடிப்புக் கலையாமல் கிடந்த புடவையை உடுத்திக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் இவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு டிவிடி வட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

வட்டு உள்ளே போனது. மானிட்டரில் ஒரு சதுரம் விரிந்தது. கூட்டத்தின் பேச்சு, நாற்காலி இழுபடும் ஓசை, யாரோ இருமும் சத்தம் எல்லாம் தெளிவாகக் கேட்டன. சதுரம் மட்டும் முழுக்க முழுக்க ரோஜா நிறத்தில் இருந்தது. நட்டநடுக் கல்யாணத்தில் ஒரு ரோஸ் தாளை ஒட்டி வைத்த மாதிரி.

"இப்ப வந்துடும்" என்றார். வரவில்லை. வட்டை எடுத்துப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். மறுபடியும் ரோஸ்தான்.

"இருங்க, தொடாதீங்க. அவ குரல்" என்றார் மனைவி.

நாற்பது நிமிடம் அந்த ரோஜா நிறத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இது மாப்பிள்ளையோட அம்மா. போன்ல பேசியிருக்கேன்... இவ நம்ம பொண்ணோட ரூம்ல இருந்தவ, சளி பிடிச்சிருக்கு." ஓரிடத்தில் மகளின் குரல் உயர்ந்தது: "அங்க உக்காராதீங்க, ப்ளீஸ்! அது ஆள் இருக்கிற இடம்." மனைவி எங்களைத் திரும்பிப் பார்த்து, "எந்த இடத்தச் சொல்றா?" என்று கேட்டார். எங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

முடிந்ததும் எழுந்தார். "பரவால்ல. கேட்டாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருக்கலாம். எனக்கே அங்கே உட்கார முடியவில்லை. இவர் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டிருந்தார். நாற்பத்து நான்காவது பிழையைத் தேடுகிறார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை நான் செய்தித்தாள் வாங்கக் கீழே இறங்கியபோது, அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கவே உள்ளே போனேன். இவர் இன்னும் கையேட்டோடுதான் உட்கார்ந்திருந்தார். மனைவி தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். தொழில் பழக்கத்தில், அந்தப் பக்கம் சொல்வதையெல்லாம் இந்தப் பக்கம் சத்தமாக ஒப்பித்தார்.

"ரோஸ் கலர் சரிதானா? ... ம்... கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருக்கிற பழைய அட்டை அந்த இடத்தக் காலியா விடுது. புது அட்டை அதுக்குள்ள படத்த ஒட்டுது. சரி. ... அதுக்கு ரெண்டு அட்டையையும் சேர்க்கணும். எதால? ... ஒரு சாண் நீளத்துல ஒரு கேபிளா?"

மூன்று பேரும் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினோம். காற்றில் திரை பறக்காமல் சமர்த்தாக இருந்தது.

மனைவி போனை வைத்துவிட்டுப் போய் முடிச்சை அவிழ்த்தார்.

"கையேட்டுல அப்படி ஒண்ணும் இல்ல" என்றார் இவர். குரலில் வழக்கமான பிடிப்பு இல்லை.

மனைவி கையேட்டை வாங்கிப் பதினொன்றாம் பக்கத்தைத் திருப்பி, சுழித்திருந்த வரியில் விரலை வைத்தார். "இது என்ன?"

"ஒரே வரி ரெண்டு தடவை விழுந்திருக்கு."

"கேபிளும் ரெண்டுதானே இருக்கு?"

இவர் கேபிளைப் பார்த்தார், வரியைப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார், மறுபடியும் காதிலேயே செருகினார். பிறகு மண்டியிட்டு மேசைக்குப் பின்னால் நுழைந்தார். பழைய அட்டைக்கும் புது அட்டைக்கும் நடுவே அந்த ஒரு சாண் கேபிள், அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. மானிட்டர் கேபிளைப் பிடுங்கிப் புது அட்டையில் செருகினார். இந்த முறை மனைவி வளையலோடுதான் நின்றார். இவர் வட்டைப் போட்டார்.

ரோஜாச் சதுரம் ஒரு நொடி நடுங்கியது. பிறகு அதே இடத்தில் மகள் சிரித்தாள்.

"ஐயோ, எப்படி இளைச்சிருக்கா!" என்றார் மனைவி. வீட்டுப் புடவையோடே நாற்காலியை இழுத்துத் திரைக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். முந்தைய நாள் குரலால் அறிந்தவர்கள் ஒவ்வொருவராக முகத்தோடு வந்தார்கள். மகள் மேசையில் குனிந்து கையெழுத்துப் போட்டாள். "பதிவேட்டுல தேதிய..." என்று இவர் ஆரம்பித்தார். "வாய மூடுங்க" என்றார் மனைவி, சந்தோஷமாக.

அப்போதுதான் அந்த இடம் வந்தது. யாரோ முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள். மகள் பதறித் திரும்புகிறாள். "அங்க உக்காராதீங்க, ப்ளீஸ்! அது ஆள் இருக்கிற இடம்." கேமரா அந்தப் பக்கம் போகிறது. காலியாக இரண்டு நாற்காலி. முதுகில் ஆளுக்கொரு தாள். ஒன்றில் அம்மா, இன்னொன்றில் அப்பா, அவள் கையெழுத்தில்.

மனைவி அழுதார். அழுதுகொண்டே சிரித்து, "நமக்கு இடம் போட்டு வச்சிருக்கா, பாருங்க. இங்க பாருங்களேன்" என்று கையை நீட்டி இவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வரி முடியட்டும்" என்றார் இவர்.

கையேடு மடியில் விரிந்திருந்தது. அடித்த வரிக்குக் கீழே, ஒரு சொல்லையும் விடாமல், சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.