சின்ச்சியாங்கில் இருக்கும் கணவர்

கு யுவேஜென்னுக்குப் பயப்படாதவர் எங்கள் குடியிருப்பில் யாருமில்லை. லிஃப்டில் ஒருவன் சிகரெட் பிடித்தபோது அதை அவன் வாயிலிருந்து பிடுங்கிக் காலில் போட்டு மிதித்தவள் அவள். சீனாவின் குன்ஷான் நகரில் ஒரு குடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கம்பி வளைத்தவள். அவள் குடும்பத்து வயலை எடுத்துக்கொண்டு அரசாங்கம் கொடுத்த இரண்டு வீடுகளில், ஏழாம் மாடியில் அவள் இருந்தாள். எட்டாம் மாடி வீட்டை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

நான் ஆன்கே, ஹாம்பர்க்காரி. அங்கே ஒரு கம்பெனிக்காகப் பம்பு இயந்திரங்களின் கையேடுகளை இங்கிருந்தே எழுதுகிறேன். அவர்கள் காலைக் காப்பி குடிக்கும்போது எனக்கு மதியம் மூன்று மணி. இப்படியே எட்டு வருடம் ஓடிவிட்டது. விடிந்ததும் என் கதவுக் கைப்பிடியில் யுவேஜென் ஆவியில் வேகவைத்த சூடான பாவோ ரொட்டிப் பொட்டலம் தொங்கும்.

"ராத்திரி பத்து மணி வரைக்கும் டப்பாவைப் பாத்துப் பேசுறியே, பைத்தியமே, தின்னாவது தொலை" என்று கீழிருந்து கத்துவாள்.

கணவர் ஷெங் மேற்குக் கோடியில் சின்ச்சியாங்கில் ரோடு போடுகிறார், ரயிலில் போனால் இரண்டு நாள் ஆகும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். பதினோரு வருடமாக அவர் ரோடு போட்டுக்கொண்டே இருந்தார். அது பொய் என்று எனக்கு இரண்டாம் வருடமே தெரியும். மெட்ரோவில் அடுத்த நிலையத்துச் சந்தையில் அவரைப் பார்த்தேன். அவள் கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் உள்ள அதே மூக்கு மச்சம். பக்கத்தில் வேறொரு பெண், பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. ஊர் வம்பு நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் ஹாம்பர்க் போய்த் திரும்பினேன். திரும்பிய இருபத்துநாலு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் வசிப்பிடத்தைப் பதிய வேண்டும். அந்தச் சீட்டு இல்லையென்றால் விசா நீளாது, எனக்கு இந்த ஊரும் இல்லை. வழக்கம்போல யுவேஜென் வீட்டுப் பத்திரத்தின் நகலோடு கூட வந்தாள். புதிதாக வேலைக்கு வந்திருந்த இளம் போலீஸ்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டாம் பக்கம் எங்கம்மா? வீடு ரெண்டு பேர் பேர்ல இருக்கு. அவரும் கையெழுத்துப் போடணும்."

"எட்டு வருஷமா நான் ஒருத்திதான் போடுறேன். உனக்கு முன்னாடி இருந்தவனுக்குக் கண்ணு இல்லையா?"

"அவருக்கு இல்லாம இருக்கலாம், எனக்கு இருக்கு. இன்னைக்கு மூணு மணிக்குள்ள அவர் வரணும்."

"அவரு சின்ச்சியாங்ல இருக்காருடா!"

"அப்படின்னா உங்க வாடகைக்காரி வேற வீடு பாக்கட்டும்."

யுவேஜென் என்னை முறைத்தாள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது, அந்த இளைஞன் மேலும், ஒரு சீட்டுக்காக இவளை இப்படி நிற்க வைத்த என் மேலும். "விடுங்கக்கா, நான் வேற ஏதாவது பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ வாய மூடு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். வரிசையில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். ஐந்தாம் மாடி லூ அக்காவும் இருந்தாள். அத்தனை பேர் முன்னாலும், "பத்திரத்துல கையெழுத்துப் போடணும். உடனே ஸ்டேஷனுக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

இருபது நிமிடத்தில் ஷெங் மின்சார ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். காலில் வீட்டுச் செருப்பு. தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார். "மதிய சமையல் பாதியில இருக்கு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார். முத்திரை விழுந்தது.

யுவேஜென் இடுப்பில் கை வைத்து வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். சண்டைக்குத் தயாராக இருந்தாள். ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை. லூ அக்கா போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன லூ, சின்ச்சியாங்லேர்ந்து இருபது நிமிஷத்துல வந்திருக்கான், உனக்கு ஆச்சரியமா இல்லையா?"

லூ அக்கா போனைப் பைக்குள் போட்டாள்.

"தெரியுமா உனக்கு?"

"ரொம்ப நாளாவே தெரியும் யுவேஜென். உன் கோவத்துக்கு முன்னாடி யாரு வாயத் தொறப்பா?"

"போன வாரங்கூட 'உன் வீட்டுக்காரருக்கு அங்க குளிரா இருக்குமே'ன்னு கேட்டியேடி!"

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "உனக்கு?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஆனால் எட்டு வருடம் அவள் கை பாவோ தின்றிருக்கிறேன். ஆமென்று தலையாட்டினேன்.

அவள் முகம் சிவந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்று வெளுத்தது. அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். பதிவுச் சீட்டை என் கையில் திணித்தாள்.

"இந்தா, உன் ஊரு. வெச்சுக்கோ. பதினோரு வருஷமா நான்தான் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்றேன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வராம கெடந்தேன். நீங்கதான் எல்லாரும் எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க."

மறுநாள் காலை கைப்பிடியில் ஒன்றும் தொங்கவில்லை. மூன்று மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். கீழே அவள் கூடத்துச் சுவரிலிருந்து கல்யாணப் படத்தின் ஆணியைப் பிடுங்கும் சத்தம் வெகு நேரம் கேட்டது.