மயில் போட்ட குச்சி

எங்கள் வீட்டில் பகல் முழுவதும் ஏசியில் தூங்குவது ஒரு குச்சி மட்டும்தான். நான் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் வேர்த்து விறுவிறுத்து நிற்பேன். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கும் வெயிலில் அலைவார். அது மட்டும் வெல்வெட் தைத்த பெட்டிக்குள், கதவு சாத்திய அறையில், சொகுசாகப் படுத்திருக்கும். திருப்பூர் வெயில் பட்டால் மரம் வளைந்துவிடுமாம். நின்று நின்று என் முதுகு வளைந்ததற்கு இந்த வீட்டில் யாரும் பெட்டி செய்யவில்லை.

குச்சி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “க்யூன்னு சொல்லு புள்ள” என்பார். பூல் ஆடுகிற குச்சி. வெளிநாட்டில் ஒரு ஆள் இவருடைய உயரம், கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, இவருக்கென்றே கடைந்து அனுப்பியது. அந்த விலைக்குக் கம்பெனியில் நாலு புது ஓவர்லாக் மெஷின் இறக்கியிருக்கலாம். அதைச் சொன்னபோது, “உனக்கு எல்லாமே மெஷின்தானா?” என்று கேட்டார். கேட்டது யார் பாருங்கள்.

இந்தப் பைத்தியம் பிடித்தது கிளப்பில். எங்களிடம் டி-சர்ட் எடுக்கிற வெளிநாட்டு பையரின் ஏஜென்ட் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிளப்புக்கு அழைத்துப் போனோம். ஊரிலிருக்கிற முதலாளிமார் ஒவ்வொருவராக அவரோடு பூல் ஆடினார்கள், ஒவ்வொருவராகத் தோற்றார்கள். அந்த மனிதர் கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்து, இரண்டு துண்டாக இருந்த குச்சியை முறுக்கி ஒன்றாக்கி, அலட்டிக்கொள்ளாமல் ஆடினார். நானும் அங்கேதான் பெண்கள் வரிசையில் பஜ்ஜித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். பந்தை அடித்த பிறகும் அந்த ஏஜென்ட் தலையைத் தூக்கவில்லை. பந்து ஓட்டைக்குள் விழும் சத்தம் கேட்கிறவரை முகவாய் குச்சியின் மேலேயே இருந்தது. எனக்கு அந்த ஆளைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம். என் வீட்டுக்காரர் கடைசிவரை அந்தக் குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது அவருக்குப் புதிதில்லை. ஒருமுறை ஒரு ஆர்டர் முழுக்க ஒரு பீஸ்கூடத் திரும்பாமல் பாஸ் ஆனது. கோடு போட்ட துணி. பக்கத் தையலில் கோடும் கோடும் சேர வேண்டும், இல்லையென்றால் பையர் திருப்பி அனுப்பிவிடுவான். நானும் செக்கிங் பெண்களும் கண் எரிய எரியப் பார்த்துப் பிரித்த சரக்கு அது. பையர் கைகுலுக்கிப் பாராட்டியபோது இவர் என்ன சொன்னார் தெரியுமா? “புது லைட்டு மாட்டினனுங்க, அதான்.” கம்பெனியில் அவருக்கு நன்றி சொல்ல எப்போதும் ஒரு லைட்டோ மெஷினோ கிடைத்துவிடும்.

ஏஜென்ட் விமானம் ஏறிய வாரமே எங்கள் மாடி ஹாலுக்கு ஒரு பூல் டேபிள் வந்து இறங்கியது. அதோடு கடைக்காரன் இலவசமாகக் கொடுத்த குச்சிகளில் ஒன்று லேசாகக் கோணல், நுனியில் ஒட்டியிருந்த தோலும் பாதி தேய்ந்தது. என் வீட்டுக்காரர் ராத்திரி ஆடுவார். நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போவேன். முதலில் மேலே விரித்திருந்த பச்சைத் துணியைத் தடவிப் பார்க்கத்தான் போனேன், தொழில் புத்தி. பிறகு அந்தக் கோணல் குச்சியை எடுத்து வெள்ளைப் பந்தைத் தட்டினேன். அது போய் ஒரு கோடு போட்ட பந்தை இடித்தது, அது நேராக ஓட்டைக்குள் போய் விழுந்தது. அவ்வளவுதான், நானும் மாட்டிக்கொண்டேன்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏஜென்ட் குனிந்து நின்றது மனதில் இருந்தது. அதே மாதிரி நின்றேன், அதே மாதிரி தலையைத் தூக்காமல் இருந்தேன். ஒரு பந்தை எந்த இடத்தில் இடித்தால் எந்தப் பக்கம் போகும் என்பது, கோட்டுக்குக் கோடு சேர்கிறதா என்று வருஷக்கணக்கில் பார்த்த கண்ணுக்கு அத்தனை கஷ்டமாக இல்லை. குச்சி கோணல் என்றால் கோணல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு பிடித்தால் போயிற்று. தேய்ந்த நுனி வழுக்காமல் இருக்க அடிக்கடி சாக் கட்டியைத் தடவினேன். அந்த மத்தியானங்கள் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன.

கிளப் ஆண்டு விழாவில் கணவன் மனைவி ஜோடி ஆட்டம் ஒன்று உண்டு. எனக்கு அதில் ஆட ஆசை. மறைத்துப் பேச என்ன இருக்கிறது? பரிசுகூட வேண்டாம். நாலு பேர் முன்னால், “எங்க ஊட்டுல நல்லா ஆடுவாங்க” என்று இந்த மனுஷன் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கேட்டேன். “ஏனுங்க, இந்த வருசம் நாமளும் ஜோடியாப் பேரு குடுக்கலாமுங்களா?”

க்யூவுக்கு ஆர்டர் போட்டிருந்த சமயம் அது. அவர் செல்லில் ஏதோ மரத் துண்டுகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “மொதல்ல க்யூ வரட்டும் புள்ள. அப்பறம் நீயும் ஆடப் பழகு. எல்லாம் பாத்துக்கலாம்.”

நான் பழகி முடித்து மாதங்கள் ஆகியிருந்தன. மத்தியானம் மாடிக்கு வந்து பார்த்தால்தானே தெரியும்?

க்யூ வந்தது. அடிக்கட்டை கருங்காலி, நுனிக்கட்டை வெளுத்த மேப்பிள், பிடிக்கும் இடத்தில் நூல் சுற்றியிருந்தது. கைப்பிடிக்குக் கீழே சிப்பியில் மயில் பதிக்கச் சொல்லிப் படம் அனுப்பியிருந்தார், முருகன் துணை இருக்கட்டும் என்று. அதைச் செய்த ஆள் மயிலை எங்கே கண்டான்? வந்திருந்தது நல்ல கொழுத்த வெடக்கோழி. நான் சிரித்துவிட்டேன். அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

வந்த நேரம் ஆயுத பூஜை. கம்பெனியில் கட்டிங் மெஷினிலிருந்து இஸ்திரிப் பெட்டிவரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைப்போம். இவர் க்யூவையும் கொண்டுவந்து கட்டிங் மெஷின் பக்கத்தில் பட்டுத்துணி விரித்துப் படுக்க வைத்தார். டெய்லர் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவர் பக்தி முற்றி, அடியில் ஒரு பொட்டு, நடுவில் ஒரு பொட்டு, விரல் இடுக்கில் வழுக்கிப் போக வேண்டிய நுனிக்கட்டையிலும் ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் அது காய்ந்து, மரத்தில் பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டது. ஈரத்துணியால் துடைத்தார், மரம் சொரசொரத்தது. பதறிப் போய், செய்த ஆளுக்கு மெயில் போட்டார். சந்தனம் என்றால் என்ன என்று அவன் கேட்டிருக்கிறான். அதற்கு விளக்கம் எழுதவே ஒரு சாயங்காலம் போனது. எந்திரத்துக்குப் பொட்டு வைக்கிற ஊரில் அதை ஓட்டுகிற கைக்கு ஒரு பொட்டு கிடையாது, அதை யார் கேட்பது?

நுனி சரியாகி மறுபடியும் ஆட ஆரம்பித்தார். நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அது நல்ல குச்சிதான். மேசை மேல் உருட்டினால் நூல் பிடித்த மாதிரி நேராக உருளும். சாக் ஒருமுறை தடவினால் நிற்கும். கையில் எடுத்தாலே ஒரு சுகம். ஆனால் இவர் பழைய குச்சியில் எந்தப் பந்தைத் தவறவிட்டாரோ அதே பந்தைப் புதுக் குச்சியிலும் தவறவிட்டார். அடிக்கிற அந்த நொடியில் பந்து விழுகிறதா என்று பார்க்கத் தலையைத் தூக்கிவிடுவார். தலையோடு தோளும் தோளோடு கையும் மேலே வரும். இதற்குக் கருங்காலி என்ன செய்யும், மேப்பிள் என்ன செய்யும்?

ஒருநாள் காபி கொண்டுபோனவள் பொறுக்க முடியாமல் சொன்னேன். “அடிக்கறப்ப தலையத் தூக்கறீங்க.”

“அதில்ல புள்ள. கட்ட இன்னும் கைக்கு செட் ஆவுல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபியை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

கைக்கு செட் ஆகிவிட்டதா என்று சோதிக்க ஒரு ஞாயிறு பகலில் அவரே என்னைக் கூப்பிட்டார். சாதாரணக் குச்சிக்கும் க்யூவுக்கும் உள்ள வித்தியாசத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். “நீ அந்த ஓசிக் குச்சிய எடுத்துக்க. நான் இத வெச்சு ஆடறேன். சும்மா தட்டு, போதும்” என்றார்.

சும்மாதான் தட்டினேன். என் பந்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இடையில் இரண்டு முறை அவருக்கு ஆட்டம் போனது. தலையைத் தூக்கினார், திரும்ப எனக்கே வந்தது. கடைசியாகப் போட வேண்டிய கறுப்புப் பந்தை மூலை ஓட்டையில் போட்டுவிட்டு, குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரைப் பார்த்தேன். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டுகூட நின்றேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவர் என்னைத் தாண்டிப் போய் அந்தக் குச்சியை எடுத்தார். மேசையில் உருட்டினார். அது கோணலாக நொண்டி நொண்டி உருண்டது. நுனியைத் தடவிப் பார்த்தார். ஒரு கையில் இதையும் ஒரு கையில் அதையும் வைத்து எடை பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு யோசனை.

“இதுல என்னமோ இருக்குது” என்றார். “நாளைக்கு நான் இத வெச்சு ஆடறேன். நீ க்யூவ எடுத்துக்க.”

மறுநாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து அதற்காகவே வந்தார். மயில் என்ற அந்தக் கோழி என் உள்ளங்கையை ஒட்டி உட்கார்ந்தது. நான் நேற்று எப்படி ஆடினேனோ அப்படியே ஆடினேன். நேற்று எப்படி ஜெயித்தேனோ அப்படியே ஜெயித்தேன். இனி தப்பிக்க வழியே இல்லை என்று எனக்குள் ஒரு குஷி. இரண்டு குச்சியும் மாறியாகிவிட்டது, மாறாதது நான் ஒருத்திதான்.

அவர் கைதட்டினார். நிஜமாகவே முகமெல்லாம் சந்தோஷம். “பாத்தியா! பாத்தியா! நான் அன்னைக்கே சொன்னனல்ல? க்யூன்னா இது க்யூ!”

அங்கேயே நின்று கிளப் சிநேகிதருக்குப் போன் போட்டார். “ஏனுங்ணா, க்யூவப் பத்தி சந்தேகப்பட்டீங்கல்ல? இத வெச்சு எங்க ஊட்டுக்காரியே என்னைய ஜெயிச்சுப்போட்டாளுங்க! எங்க ஊட்டுக்காரியேங்ணா! அப்பறம் பாத்துக்கங்க!” போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஜோடி ஆட்டத்துக்குப் பேரு குடுத்தரலாம் புள்ள. நீ இத வெச்சு ஆடு. அப்பத்தான் அவிங்களுக்கு இதோட அருமை தெரியும்.”

நான் இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தான். அது கைக்கு வந்தபோது அதைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

“அப்பறம் நான் எதுக்குங்க?” என்றேன். “க்யூவையே ஜோடியாச் சேத்துக்கங்க. ரெண்டு பேரும் பொருத்தமா இருப்பீங்க.”

குச்சியை மேசையில் போட்டுவிட்டுக் கீழே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் அழுகை அழுகைதான். அவர் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். என்ன யோசித்தாரோ, செல்லை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். பேரும் கொடுக்கவில்லை.

ஆண்டு விழாவன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், வழக்கம்போல் பெண்கள் வரிசையில் கேசரித் தட்டோடு உட்கார்ந்தேன். இவர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் மயிலைக் காட்டிக்கொண்டிருந்தார். ஜோடி ஆட்டம் முடிந்து மேசை காலியானது, கிளப் பையன் பந்துகளை மறுபடியும் அடுக்கி வைத்துவிட்டுப் போனான். அவர் போன் போட்டாரே, அந்தச் சிநேகிதருடைய மனைவி என்னிடம் வந்து, “ஏனுங்க, நீங்க நல்லா ஆடுவீங்களாமா? ஏன் பேரு குடுக்குல?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொன்னார். பாசமாகத்தான் சொன்னார், அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

“அவளுக்கு என்னோட க்யூவ வெச்சு ஆட இஷ்டமில்லீங்க. தனக்குன்னு ஒண்ணு வேணும்னு கோவம். அளவெல்லாம் அனுப்பி ஆர்டர் போட்டுட்டனுங்க. மயிலுக்குப் பதிலா தாமரை. அது வந்துட்டா அடுத்த வருசம் பாருங்க, எப்படி ஆடறான்னு!”

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துப் பூரித்தார்கள். எவ்வளவு கொடுத்து வைத்தவள் நான்!

கேசரித் தட்டை நாற்காலியில் வைத்தேன். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன். சுவரோரம் கிளப்பின் பொதுக் குச்சிகள் மாட்டியிருந்தன. கைக்கு முதலில் எது வந்ததோ அதை உருவினேன். நேரா கோணலா என்றுகூடப் பார்க்கவில்லை.

“தாமரை வர்றப்ப வரட்டுமுங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “இப்ப வாங்க, ஒரு ஆட்டம்.”

அவர் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, பூட்டைத் திறந்து, வெல்வெட்டை விலக்கி, இரண்டு துண்டையும் எடுத்துத் துடைத்து, முறுக்க ஆரம்பித்தார். அவர் முறுக்கி முடிப்பதற்குள் நான் குனிந்து முதல் அடியை அடித்துவிட்டேன்.