அரை டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் முப்பத்தொரு ஆண்டுகளாக நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். நேரில் பார்த்தால் 'அண்ணே' என்பார்கள். அவர் இல்லாத இடத்தில் 'அரை டாக்டர்' என்பார்கள். இரண்டாவது பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "மீதி அரை எங்கேன்னு யாரும் கேக்காம இருக்காங்களே, அது போதும்" என்று என்னிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்றவர் அந்தக் கடையில் வேறொருவர். அவருடைய சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. அவர் உள்ளறையில் கணினிக்கு முன்னால் அமர்ந்திருப்பார். வருகிறவர்கள் தேடுவதோ அரை டாக்டரைத்தான். அவர் கை பட்ட மருந்துக்குத் தனிக் குணம் உண்டு, கைராசிக்காரர் என்று சொல்லிக்கொண்டார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

அவருக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. மருந்துப் புட்டியை எடுத்தவுடன், காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, மருந்தின் பெயர் அச்சிட்ட இடத்தின்மேல் ஒட்டுவார். அதன்மேல் நீலப் பேனாவால், 'கண். 2 சொட்டு. காலை, மாலை' என்று முத்து முத்தாக எழுதுவார். அட்டைப்பெட்டியையும் அதற்குள் மடித்து வைத்திருக்கும் தாளையும் காலடியில் உள்ள கூடையில் போட்டுவிடுவார்.

"பேரைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? அந்தத் தாளைப் படிச்சாலே பாதிப் பேருக்குப் பக்கவிளைவு வந்துடுது" என்பார்.

அவர் கொடுத்தவற்றுள் பெரும்புகழ் பெற்றது சிவந்த கண்ணுக்கான ஒரு சொட்டு மருந்து. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டியது அது. இன்று மாலை விட்டால் நாளைக் காலை கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். எங்கள் தெருவில் அந்தப் புட்டி இல்லாத வீடு குறைவு. எதிர்வீட்டுக்காரியான என் அலமாரியிலும் ஒன்று இருந்தது.

இரண்டாம் மாடியில் இருந்த அவர் வீட்டில் அவரும் அவர் மனைவியும் ஒரு நாயும் மட்டுமே. ஒரே மகள் வேலை கிடைத்துத் தொலைவில் போய்விட்டாள். அவள் பள்ளியில் படித்தபோது தூக்கி வந்த குட்டிதான் அந்த நாய். அதற்குப் பதின்மூன்று வயது ஆகியிருந்தது. முகம் நரைத்து, படியேறும்போது பின்கால்கள் நடுங்கும். முதுமை வந்ததும் வீட்டில் அதன் பழைய பெயர் மறைந்து 'பெரியவர்' என்ற பெயர் வந்தது. "பெரியவர் சாப்பிட்டாச்சா?" "அவருக்கு இன்னிக்கு மனசு சரியில்லை போல" என்றெல்லாம் பேச்சு நடக்கும். கேட்பவர்கள் வீட்டில் மாமனார் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ஆண்டு, காற்றில் தூசு மிகுந்த ஒரு வாரத்தில், பெரியவரின் வலக்கண் சிவந்து நீர் வடிந்தது. கண்ணை அது சுருக்கிக்கொண்டே இருந்தது. அரை டாக்டர் கடையிலிருந்து வந்ததும் குனிந்து பார்த்தார்.

"தூசுதான். நாளைக்குச் சரியாயிடும்."

"டாக்டர்கிட்ட காட்டிடலாமேங்க" என்றார் மனைவி.

"இதுக்கு ஒரு டாக்டரா? ரெண்டு கண்ணுலயும் விடு. ஒண்ணு சிவந்தா இன்னொண்ணு சும்மா இருக்காது."

மறுநாள் சிவப்புக் குறைந்தது. "பாத்தியா?" என்றார். ஆறாம் நாள் கண்ணின் நடுவில் நீலம் கலந்த வெண்மை படர்ந்தது. "வயசாச்சுல்ல, புரை விழுது" என்றார். பத்தாம் நாள் காலையில் பெரியவர் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. விளக்கை அடித்துப் பார்த்தால், கன்னம் முழுவதும் நனைந்திருந்தது. கண் இருந்த இடத்தில் பார்க்கச் சகிக்காத ஒன்று இருந்தது. மனைவி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. கால்நடை மருத்துவமனையிலும் அவர் நடைவழிப் பலகையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அமர்ந்துவிட, நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர் கணவர் மட்டுமே.

மருத்துவர் இளம்பெண். கண்ணை நெடுநேரம் பார்த்தார்.

"கருவிழி கரைஞ்சு ஓட்டை விழுந்திருக்கு சார். ஏதாவது சொட்டு மருந்து விட்டீங்களா?"

அவர் வாய் திறப்பதற்குள் மருத்துவரே தொடர்ந்தார்: "நீங்க பஸ் ஸ்டாப் மருந்துக் கடை சார்தானே? எங்க அப்பாவுக்கு உங்ககிட்டதான் வாங்குவோம். உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன."

"இல்லீங்க டாக்டர். வெந்நீர்ல துடைச்சதோட சரி" என்றார் அவர்.

கேட்காமலே மதிப்புக் கொடுத்தவரிடம் அந்த மதிப்பை இழக்க மனம் வரவில்லை என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். வேறு காரணம் எதையும் அவர் சேர்க்கவில்லை.

கண்ணை எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை என்று முடிவாயிற்று. வயதான உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று பார்க்க அன்றே இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு அழைத்து வரச் சொன்னார்கள். அன்று பிற்பகல் அவர் கடைக்குப் போனார். அந்தச் சொட்டு மருந்தின் புதிய பெட்டி ஒன்றைப் பிரித்து, கூடையில் போடும் தாளை முதன்முறையாக விரித்துப் படித்தார். நான்காவது வரியில் இருந்தது: கருவிழியில் புண் இருக்கும்போது பயன்படுத்தக் கூடாது. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் இருந்த புட்டியை யாரும் பார்க்காமல் எடுத்துக் கடைக் குப்பையில் போட்டார். மனைவியிடம், "அது தீந்துபோச்சு" என்று மட்டும் சொன்னார்.

அறுவைச் சிகிச்சை ஒன்றரை மணி நேரம் நடந்தது. முகத்தின் ஒரு பாதி மழிக்கப்பட்டு, இமைகள் சேர்த்துத் தைக்கப்பட்டு, தையலைச் சொறியாதிருக்கக் கழுத்தில் மாட்டிய அகன்ற பிளாஸ்டிக் வளையத்தோடு பெரியவர் வெளியே வந்தது. மூக்கில் சிறிது இரத்தம் கசியலாம், பயப்பட வேண்டாம், வலி மருந்தைச் சாப்பாட்டோடு கொடுங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு மருத்துவர் ஒன்றைச் சேர்த்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார். மருந்து எதுவும் படாம, பத்தே நாள்ல ஒரு புண் கண்ணைக் கரைக்கிறதுன்னா, உடம்புக்குள்ள வேற ஏதோ நோய் இருக்கணும். இருக்கிற ஒரு கண்ணையாவது காப்பாத்தணும். இன்னும் சில டெஸ்ட் பார்த்துடலாம்."

"பார்த்துடலாம்" என்றார் அவர். இல்லாத நோயைத் தேடி அந்த நாயின் காலில் மறுபடியும் ஊசி குத்தியபோது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவரே.

முப்பத்தொரு ஆண்டுகளில் அவர் தொடர்ந்து ஒரு வாரம் விடுப்பு எடுத்தது அப்போதுதான். பெரியவர் வலப்பக்கம் இருந்த நிலைக்கதவில் மோதும். வளையம் மேசைக்காலில் சிக்கினால் அப்படியே அசையாமல் நிற்கும். மேசைக்கால், கட்டில்முனை எல்லாவற்றிலும் பழைய துணியைச் சுற்றிக் கட்டினார். பார்வை உள்ள இடப்பக்கமாகவே போய், முதலில் குரல் கொடுத்துப் பிறகு தொடுவார். தரையில் உட்கார்ந்து, சோற்றைக் குழைத்து விரலால் ஊட்டுவார். கீழே இறக்கவும் ஏற்றவும் இரண்டு மாடிகளைத் தூக்கிக்கொண்டே கடந்தார். தெருவே அதைத்தான் பேசியது.

"பெத்த அப்பனைக்கூட இப்படிப் பார்க்க மாட்டாங்கப்பா" என்றார் கீழ்வீட்டு வெல்டிங் பட்டறைக்காரர்.

"சும்மா இரு" என்று அவர் எரிந்து விழுந்தார். தன்னடக்கம் என்று எல்லோரும் நினைத்தோம்.

மூன்றாம் நாள் தையலைக் காட்டப் போனபோது, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் புறப்பட்டார். காத்திருப்போர் அறையில் பூனைக்கூடையோடு ஒரு பெண்மணி இருந்தார். மருத்துவர் அவரிடம், "எப்படிப் பார்த்துக்கணும்னு இந்த சாரைக் கேளுங்க. இப்படி ஒரு ஓனர் எல்லா நாய்க்கும் கிடைக்க மாட்டாங்க" என்றார். அந்தச் சொல் அவருக்குச் செருப்படியாக விழுந்தது. தையலைக் காட்டினார், வந்துவிட்டார். சட்டைப்பையில் அந்தத் தாள் வியர்வையில் நைந்துகொண்டிருந்தது.

எட்டாம் நாள் அவர் மறுபடியும் கடைக்குப் போகத் தொடங்கினார். அன்று காலை பெரியவரின் இடக்கண் இலேசாகச் சிவந்திருப்பதை அவர் மனைவி கண்டார். மீதி இருப்பது அந்த ஒரு கண். கணவரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று எண்ணி, நேரே என் கதவைத் தட்டினார்.

"டீச்சர், அவர் குடுப்பாரே அந்தக் கண் மருந்து, உங்ககிட்ட இருக்கா? எங்க வீட்டுல தீந்துபோச்சு."

புட்டி இருந்தது. பிளாஸ்திரியும் அதன்மேல் அவருடைய கையெழுத்தும் இருந்தன. அது என்ன மருந்து என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவுமில்லை. எடுத்துக் கொடுத்தேன். முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளிடம், படித்துப் பார்க்காமல் எதையும் ஏற்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

தையல் பிரிக்கும் நாளில் கணவனும் மனைவியுமாகப் போனார்கள். இம்முறை மனைவி உள்ளே வந்தார். தையல் நன்றாக ஆறியிருந்தது. மருத்துவர் இடக்கண்ணைப் பார்த்தார், முகம் மாறியது. சாயம் தோய்ந்த சிறு தாளால் கண்ணைத் தொட்டு, அறையை இருட்டாக்கி, நீல விளக்கைக் காட்டினார். கருவிழியில் கடுகளவு பச்சை மின்னியது.

"இதுலயும் புண் இருக்கு. வளையத்தோட ஓரம் பட்டுக் கீறியிருக்கும். ஆனா தானா ஆறியிருக்கணும், ஏன் ஆறல? இந்தக் கண்ணுக்கு ஏதாவது விடுறீங்களா?"

"இல்லீங்க" என்றார் அவர். அவர் அறிந்தவரை அது உண்மை.

"நான் விடுறேங்க டாக்டர்" என்றார் மனைவி. "நாலு நாளா விடுறேன், காலையிலயும் சாயந்திரமும். இவர் குடுக்கிறதுதான். அந்தக் கண்ணுக்கும் முதல்ல இதைத்தானே பத்து நாள் விட்டோம்."

பையிலிருந்து புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதை வைத்ததில் ஒரு பெருமிதம்கூட இருந்ததாம். மருத்துவர் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, மெதுவாக உரித்து, அடியில் இருந்த பெயரைப் படித்தார்.

"முதல் நாளே நான் கேட்டேன் சார்."

"கேட்டீங்க."

"எதுவும் விடலன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அதை நம்பித்தான் எல்லா டெஸ்டும் எடுத்தேன். அதை நம்பித்தான் இந்த அம்மாகிட்ட எதையும் நிறுத்தச் சொல்லல."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புட்டியைப் பார்த்தார். மருத்துவர் அதற்குமேல் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. வேறு மருந்து எழுதினார். புண் இன்னும் ஆழமாகவில்லை, இன்றே நிறுத்தினால் கண் பிழைத்துவிடும், இரண்டு நாளைக்கொருமுறை காட்டுங்கள் என்றார். சீட்டை மனைவியின் கையில் கொடுத்தார்.

ஆட்டோவில் பெரியவர் மனைவியின் மடியில் கிடந்தது. 'ஏங்க இப்படிப் பண்ணீங்க' என்ற கேள்விக்காகக் கணவர் காத்திருந்தார். வந்த கேள்வி வேறு.

"இதை வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க?"

அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் முதலில் தட்டியது என் கதவை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். நைந்த தாளை எடுத்து நீட்டி, "நாலாவது வரி, டீச்சர்" என்றார். படித்தேன். அவர் மனைவிக்குப் புட்டியைக் கொடுத்தவள் நான் என்று சொன்னபோது, "என் எழுத்தை நம்பித்தானே குடுத்தீங்க" என்றார்.

பெரியவரின் இடக்கண் மூன்று வாரங்களில் ஆறியது. நடுவில் ஒரு மெல்லிய வெண்தழும்பு நின்றுவிட்டது. ஆனாலும் பார்வை இருக்கிறது. அன்று மாலை என்னிடம் சொன்ன கையோடு அரை டாக்டர் அடுத்தடுத்த வீடுகளுக்குப் போனதை நான் என் வாசலிலிருந்தே பார்த்தேன். புட்டியைத் திருப்பிக் கேட்டவுடன் யாரும் கொடுக்கவில்லை. "நல்லாத்தானே கேக்குது" என்றார்கள். "கம்பெனிக்காரன் திரும்பக் கேக்கிறானா?" என்றார் ஒருவர். ஆகவே ஒவ்வொரு வாசலிலும் அவர் அந்த ஒரே செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது: இதனால்தான் எங்கள் நாய்க்குக் கண் போயிற்று, விடச் சொன்னவன் நான், டாக்டரிடம் பொய் சொன்னவனும் நான். சொல்லச் சொல்லக் குரல் பழகிப்போகும் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை, ஒவ்வொரு வீட்டிலும் அது இன்னும் இறங்கிக்கொண்டே போயிற்று.

கடைசிவரை கொடுக்க மறுத்தவர் கீழ்வீட்டு வெல்டிங் பட்டறைக்காரர். நெருப்புப் பொறிக்கு நடுவிலேயே நாளைக் கழிக்கும் அவருக்குக் கண் சிவக்காத நாள் கிடையாது. அவர் சட்டைப்பையில் எப்போதும் அந்தப் புட்டி இருக்கும்.

"நாய்க்குச் சேரலன்னா மனுஷனுக்குச் சேராதாண்ணே? எனக்கு நாலு வருஷமா ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகலன்னு உனக்கு எப்படித் தெரியும்? சிவப்பு போயிடுது, அவ்வளவுதான். உள்ள புண் இருந்தாலும் தெரியாது. கண் டாக்டர்கிட்ட போய்க் காட்டு. குடுத்துடு அதை."

"சரி, இதைக் குடுத்துட்டா பதிலுக்கு என்ன தருவீங்க? நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுப்பா."

பட்டறைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புட்டியை எடுத்து, அவர் கையில் வைக்காமல் சன்னல்கட்டையில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினார். "இவருக்கும் வயசாயிடுச்சு, வேற கடையைத்தான் பார்க்கணும்" என்று மனைவியிடம் சொன்னது வாசல்வரை கேட்டது. அரை டாக்டர் புட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுப் படியேறினார்.